நாக்கு வைக்காமல் கிண்டிய கவுனி

என் வீட்டுக்காரர் வீரய்யாவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது 1958-ஆம் வருஷம் தை மாதக் கடைசியில். அன்றைக்கு அவருடைய எடை நூற்றுத் தொண்ணூற்றாறு பவுண்டு, உயரம் ஐந்தடி நாலங்குலம். இந்த இரண்டையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவது இவற்றில் ஒன்று எப்படிக் குறைந்தது என்பதைத்தான். உயரம் அப்படியேதான் இருக்கிறது.

அவர் விசேஷ வீட்டுச் சமையல்காரர். திருமயத்தைச் சுற்றியுள்ள செட்டியார் ஊர்களில் கல்யாணம் என்றாலும், சாந்தி என்கிற அறுபதாம் கல்யாணம் என்றாலும் பத்து ஆளோடு போய் இறங்குவார். அவர் கிண்டுகிற கவுனி அரிசிக்குத் தனிப் பேர். கறுப்பாக இருக்கும் அந்த அரிசியை ஊறவைத்து, குழைய வேகவைத்து, சீனியும் தேங்காயும் நெய்யும் போட்டுக் கிண்டி இறக்குவது. செட்டியார் வீட்டு இலையில் முதலில் விழும் பண்டங்களில் அது ஒன்று. அது சரியாக அமைந்துவிட்டால் பின்னால் வருகிற சாம்பாரில் உப்புக் குறைந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். தேதி கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் போடுவதும், சாமான் சிட்டை எழுதுவதும் என் வேலை. நான் திருமயத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். நாங்கள் குடியிருந்தது திருக்கோகர்ணத்தில்.

குதிகாலில் எண்ணெய் தெறித்த புண் ஒன்று ஒன்றரை மாதமாக ஆறவில்லை. அதைக் காட்டத்தான் டாக்டர் மரியசெல்வத்திடம் போனோம். அவர் புண்ணை விட்டுவிட்டு மூத்திரத்தை எடுத்துவரச் சொன்னார். ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர் ஊற்றி, மூத்திரத்தில் எட்டுச் சொட்டு விட்டு, விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாச்சு, மஞ்சளாச்சு, கடைசியில் செங்கல் பொடியைக் கரைத்த மாதிரி அடியில் தங்கிவிட்டது.

"நீலமாவே நின்னா நல்லது. செங்கல் வரைக்கும் வந்தா மோசம். நீங்க செங்கலுக்கு வந்துட்டீங்க" என்றார் டாக்டர். "என்ன சாப்பிடுறீங்க?"

"ரெண்டு வேளைதாங்க. அதுவும் கொஞ்சம்."

டாக்டர் அவர் வயிற்றைப் பார்த்தார். "இந்தத் தொந்தி ரெண்டு வேளையில வராதே."

எனக்கும் அந்தச் சந்தேகம் வெகுநாளாக உண்டு. அடுத்த வாரம் பொன்னமராவதியில் ஒரு கல்யாணம். காய் நறுக்குகிற பெண்களோடு நானும் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு வாயில் போடும்போதெல்லாம் சிட்டைத் தாளின் பின்பக்கம் ஒரு கோடு கிழித்தேன். காலையிலிருந்து பந்தி முடிகிற வரை நாற்பத்தொரு கோடு. அதில் இருபத்தாறு இனிப்பு. வீட்டுக்கு வந்து அவர் உள்ளங்கையில் தண்ணீர் விட்டு அளந்து கூட்டினேன். அரைப்படிக்கு மேல் வந்தது.

"ருசி பாக்குறதெல்லாம் சாப்பாட்டுக் கணக்குல சேருமா?" என்றார் கோபமாக.

"ஒங்க வயித்துக்கு அது ருசின்னு தெரியுமா, சோறுன்னு தெரியுமா?"

"மலையாண்டியப் பாக்கச் சொல்லலாமுல்ல?" என்றும் கேட்டுப் பார்த்தேன். மலையாண்டி அவருக்கு அடுத்த கை, பதினைந்து வருஷமாகக் கூட இருப்பவர். ஆனால் இவர் அடுப்படியில் ஒரு சட்டம் உண்டு. ரெண்டு நாக்கு பார்த்தால் ரெண்டு ருசி ஆகிவிடும், அதனால் தலைமைச் சமையல்காரரைத் தவிர வேறு யாரும் எதையும் வாயில் வைக்கக்கூடாது. மலையாண்டி சட்டி கழுவும்போதுகூட விரலைச் சூப்பியது கிடையாது.

டாக்டர் சோற்றைக் குறைத்துக் கேழ்வரகுக்கு மாறச் சொன்னார், தினம் நடக்கச் சொன்னார். அப்போதும் நிறம் இறங்காவிட்டால் ஊசி, ஊசியோடு அடுப்படிக்கு முழுக்கு, என்று கணக்காகச் சொல்லிவிட்டார். "இந்தப் புண்ணோட நெருப்புக்கிட்ட நிக்கிற மனுஷனுக்கு, தித்திப்பும் கையில இருந்தா, என்னால காலுக்கு ஜவாப் சொல்ல முடியாது."

சமையலை விட்டுவிட்டு அவர் என்ன செய்வார்? முப்பது வருஷமாக வேறு எதுவும் தெரியாது. விசேஷம் இல்லாத மாதத்திலேயே வீட்டில் என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்குகிற மனுஷர்.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் இருளாயி வல்லத்திராக்கோட்டையிலிருந்து வந்தாள். மடியிலிருந்து ஒரு கொத்து இலையை எடுத்துத் தரையில் போட்டாள். "வேலியெல்லாம் ஏறிக் கெடக்கு, சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லின்னு எங்க ஊருல சொல்லுவாக. அண்ணே, ஒரு எலைய மெல்லுங்க."

மென்றார். முகம் கோணியது. இருளாயி ஒரு கை சீனியை நீட்டினாள். "இப்ப இதத் தின்னுங்க."

வாயில் போட்டவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு வாசலில் போய்த் துப்பினார். "ஏய், இது சீனியா ஆத்து மணலா?"

"சீனிதாண்ணே. ஒங்க நாக்குதான் செத்துப்போச்சு. ஒரு மணி நேரத்துல பொழச்சுக்கும்."

"சமையக்காரன் நாக்கைக் கொல்ல வந்தியா நீ? கூடப் பொறந்தவளா நீ?"

"கால வெட்டுறதுக்கு நாக்கக் கொல்லுறது பரவாயில்லண்ணே."

நான் இலையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் முகர்ந்து பார்த்தார். "இதப் பத்தி எனக்கு நிச்சயமாத் தெரியாதும்மா. கேடு இல்லேன்னு பெரியவங்க சொல்றாங்க. கொடுங்க, ஆனா பத்தியத்தையும் நடையையும் விடாதீங்க. வாராவாரம் வந்து குழாயில காட்டுங்க. அது சொல்றதுதான் முடிவு" என்றார்.

நிழலில் காயவைத்து, இடித்து, துணியில் சலித்தேன். காலையில் ஒரு தேக்கரண்டி, ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒரு தேக்கரண்டி, வெந்நீரில். நாலு வாரத்தில் குழாய் செங்கலிலிருந்து ஆரஞ்சுக்கு வந்தது. அதற்குமேல் நகரவில்லை. ஏன் என்று யோசித்தேன். வீட்டில் காலை நாலு மணிக்குப் பொடியைத் தின்று போகிறவருக்கு, விசேஷ வீட்டில் அடுப்பு எரிகிற நேரத்துக்கு நாக்கு திரும்பிவிடுகிறது. அப்புறம் பழைய நாற்பத்தொன்றுதான். நாக்கு செத்துக் கிடக்கிற நேரமும் கை வாய்க்குப் போகிற நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அதற்காக ஒரு அட்டவணை எழுதினேன். இனிப்பைக் கிண்டி இறக்கின பிறகு முதல் பொடி. ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது. அதற்குள் சாம்பார், பொரியல், ரசம் எல்லாம் ஆகிவிடும். இனிப்புப் பாத்திரம் பக்கத்திலேயே இருந்தாலும் அவர் எடுத்துப் போட மாட்டார், மணல் ருசி ஞாபகம் வந்துவிடும். தாளை அவர் சட்டைப்பையில் வைத்தேன். பலித்தது. சித்திரையில் மூன்று கல்யாணம், கோடுகள் பதினொன்றாக இறங்கின. குழாயில் மஞ்சள். எடை நூற்றெண்பத்து நாலு. வேட்டியை இழுத்துக் கட்ட வேண்டியதாயிற்று. மலையாண்டிகூடக் கேலி செய்தார்: "அண்ணே, பின்னால இருந்து பாத்தா மாப்பிள்ள மாதிரி இருக்கீக. முன்னால வந்தாத்தான் மாமனார்."

எனக்குத் தலைக்கனம் ஏறியது அந்த மாதம்தான். தெருவில் நாலு பேருக்கு என் அட்டவணையைப் படித்துக் காட்டினேன்.

வைகாசியில் ராயவரத்தில் ஆவுடையாள் ஆச்சி வீட்டுப் பேத்தி கல்யாணம். பெரிய வீடு, பத்து வருஷமாக எங்களைத் தவிர வேறு யாரையும் கூப்பிடாத வீடு. அறுநூறு இலை, இருபது படி கவுனி அரிசி. முதல் நாள் பொடி தீர்ந்துபோயிருந்தது. இருளாயி அப்போதுதான் கோடைமழையில் துளிர்த்த புது இலை கொண்டுவந்திருந்தாள். காயவைக்க நேரமில்லை. "நாலு எலைய மென்னுக்கங்க, ஒரு மணி நேரந்தான்" என்று நானே மடித்துக் கொடுத்தேன்.

அந்த வீட்டில் முகூர்த்தம் முந்தி வந்ததால் காலைப் பலகாரத்துக்கே பால்பணியாரம் வைத்தார்கள். அதை இறக்கிவிட்டு, கவுனி இன்னும் பாக்கி இருந்தும், என் தாளில் உள்ளபடி இலையை மென்றிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்துக் கவுனிக்கு வந்தார். வருவதற்கு முன், நாக்கு திரும்பிவிட்டதா என்று பார்க்க ரசத்தை எடுத்து வாயில் விட்டார். உப்பு தெரிந்தது. புளி தெரிந்தது. மிளகு சுள்ளென்று ஏறியது. சரி, நாக்கு வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

சிறுகுறிஞ்சான் கொல்வது தித்திப்பை மட்டும்தான், மற்ற எதையும் தொடாது. அது எங்கள் யாருக்கும் அன்றைக்குத் தெரியாது. பச்சை இலைக்குப் பொடியைவிட வேகம் அதிகம் என்பதும் தெரியாது.

கவுனியை வாயில் போட்டார். மங்கலாகத் தித்தித்தது. இரண்டு வீசை சீனி போட்டார். மறுபடி பார்த்தார், போதவில்லை. இன்னும் இரண்டு. பிறகு இன்னும் இரண்டு. மலையாண்டி சீனி மூட்டையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். ஆனால் ஒரு நாக்குச் சட்டம். ஒரு சொட்டு எடுத்து வாயில் வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

முதல் பந்தியில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். நான் காய்கறிக் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாய் வைத்த ஒரு பெரிய ஆச்சி கையை அப்படியே நிறுத்தினார். பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்.

"என்ன ஆவுடையா, சீனி மூட்டை கிழிஞ்சு கொட்டிருச்சாக்கும்?"

"எங்களுக்குச் சீனி போட்டு வாயை அடைக்கிறாகளோ என்னவோ" என்றார் இன்னொருவர். பந்தி முழுக்கச் சிரிப்பு ஓடியது. கவுனி இலையிலேயே கிடந்தது. அறுநூறு இலையிலும்.

வழக்கமாக விசேஷம் முடிந்ததும் ஆவுடையாள் ஆச்சி தன் கையாலேயே வெற்றிலை பாக்கு கொடுப்பார். அன்று கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் இவர் மீதி இலையை எடுத்துக் கொல்லையில் வீசினார்.

"ஒன் எலையும் வேணாம், ஒன் தாளும் வேணாம். ஒரு மணி நேரமாம், ஒரு மணி நேரம்! எவ ஒன்னய மணி எழுதச் சொன்னா?"

தப்பு என் தாளில் இருந்தது.

மூன்று வாரம் இலையும் இல்லை, பத்தியமும் இல்லை. ஆனியில் ஒரு கல்யாணம் பார்த்தார். நாற்பது தடவைக்குக் குறையாமல் ருசி பார்த்திருப்பார், நான் எண்ணப் போகவில்லை. குழாயில் மறுபடி செங்கல். குதிகால் புண் சுற்றிச் சிவந்திருந்தது. டாக்டர் குழாயை அவர் முன்னால் வைத்தார்.

"வீரய்யா, நீங்களே சொல்லுங்க. அடுப்படியா, காலா?"

இவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "கார்த்திகையில ராயவரத்து ஆச்சி வீட்டுச் செட்டியாருக்குச் சாந்தி வருதுங்க" என்றார். "இந்த மானத்தோட நான் விட முடியாது. அதுக்கு அப்புறம் நீங்க சொல்றதைக் கேக்குறேன்."

"கார்த்திகை வரைக்கும் கால் காத்திருக்குமான்னு எனக்குத் தெரியாது."

அந்தச் சாந்திக்கும் எங்களை இன்னும் கூப்பிடவில்லை. தேவகோட்டையிலிருந்து ஒரு சமையல்காரரை வரவழைப்பதாகப் பேச்சு அடிபட்டது. அந்த வீடு கைவிட்டால் சுற்றிலும் உள்ள ஊர்கள் எல்லாம் விடும். இது இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வந்தோம். திருக்கோகர்ணம் கோயிலில் உச்சிகால மணி அடித்தது. எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"என்னங்க, கோயில் மடப்பள்ளியில சர்க்கரைப் பொங்கல் வைக்கிறாரே அய்யரு, அவரு ருசி பாத்தா வைக்கிறாரு?"

"சாமிக்குப் படைக்கிறதுக்கு முந்தி எவன் வாயில வைப்பான்? அளவு போட்டு வைப்பாரு."

"என்னைக்காச்சும் இனிப்புக் கூடி, கொறைஞ்சு பாத்திருக்கீங்களா?"

நாலு எட்டு நடந்தார். "அது கோயிலு. ஒரே பானை, ஒரே அளவு. விசேஷ வீடு அப்படியா? அளந்து போடுறவன் சமையக்காரனா? அவன் மளிகைக் கடைக்காரன்."

"அப்ப அவரும் மளிகைக் கடைக்காரருதானா?"

"வாய மூடிக்கிட்டு வா."

ஆனால் மறுநாள் காலையில் அவரே அரைப்படி கவுனி அரிசியை ஊறப்போட்டிருந்தார்.

இலை தின்னாத நேரத்தில், நல்ல நாக்கோடு, அவரைக் கிண்டச் சொன்னேன். சீனி டின்னை முன்னும் பின்னும் தராசில் வைத்து எவ்வளவு இறங்கியது என்று எழுதினேன். பதினாலு பலம். இரண்டு நாள் கழித்து மறுபடி. பதினாறரை. மூன்றாவது தடவை பதினைந்து. மூன்றும் ருசி அச்சாக ஒன்று என்று மலையாண்டியும் இருளாயியும் சொன்னார்கள். மலையாண்டி முதல் தடவையாக இவர் முன்னால் வாயில் வைத்தார்.

"பாத்தியா, அளவு நிக்காது. இதுக்குத்தான் நாக்கு" என்று இவர் ஜெயித்துவிட்டார்.

நான் மூன்று எண்ணையும் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். ஒரே அரைப்படி, எப்படி வேறுபடும்? முதல் அரிசி புதுசு. இரண்டாவது போன வருஷத்து அரிசி, தண்ணீரை அதிகம் குடித்துப் பொங்கியிருந்தது. மூன்றாவது இரண்டும் கலந்தது. அப்படியானால் அளக்க வேண்டியது பச்சை அரிசியை இல்லை. நாலாவது தடவை வெந்து குழைந்ததைத் தூக்கித் தராசில் வைத்தேன். ஐந்தாவது தடவையும், ஆறாவது தடவையும் அப்படியே. வெந்த கவுனி ஒரு வீசைக்கு, அதாவது நாற்பது பலத்துக்கு, பதிமூன்று பலம் சீனி. பழைய அரிசியானாலும் புதுசானாலும் அது நகரவே இல்லை.

ஏழாவது தடவை, காலை ஒன்பது மணிக்கு, அவர் நாலு பச்சை இலையை மென்றார். சீனியை நாக்கில் வைத்துப் பார்த்தார், மணல். அப்புறம் வெந்ததை நிறுத்து, சீனியை நிறுத்து, தேங்காயும் நெய்யும் அளந்து போட்டுக் கிண்டினார். பாகுபோல நெய் ஓரத்தில் பிரிகிற பதத்தைக் கண்ணாலேயே பார்த்து இறக்கினார். ஒரு தடவைகூட கை வாய்க்குப் போகவில்லை. இருளாயி தட்டில் வாங்கித் தின்றாள். இன்னொரு தட்டு நீட்டினாள்.

"என்னடி, எப்படி இருக்கு?"

"பொறுங்கண்ணே, வாயில இருக்கையில பேசக்கூடாது."

எட்டாவது தடவைக்குத் தெருவே வந்துவிட்டது.

ஆடி பதினைந்தில் ஆவுடையாள் ஆச்சிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன் என்றதும் இவர் எழுந்து நின்றுவிட்டார்.

"நாக்கில்லாத சமையக்காரன்னு நீயே எழுதித் தபால்ல போடுவியா? அடுப்புச் சூடுன்னு எழுது. ஆள் மாறிப் போட்டுட்டான்னு எழுது."

"யார் தலையில போடுறது? மலையாண்டி அண்ணன் தலையிலயா?"

உட்கார்ந்துவிட்டார். நான் எழுதினேன்:

"மகாராஜராஜஸ்ரீ ஆச்சி அவர்களுக்கு வீரய்யா மனைவி செவந்தி வணக்கம். தங்கள் பேத்தி கல்யாணத்தில் கவுனி அரிசியில் ஆறு வீசை சீனி அதிகப்பட்டது. அதற்குக் காரணம் இரண்டு. என் வீட்டுக்காரர் சர்க்கரை வியாதிக்காகச் சிறுகுறிஞ்சான் இலை சாப்பிடுகிறார். அதைச் சாப்பிட்டால் நாக்கு செத்துப்போகிறது. எவ்வளவு நேரம் என்று நான் தப்பாக எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது காரணம் அவர் அதை நம்பினது. இப்போது நாக்கு இல்லாமலே கிண்டுகிற அளவு எங்களிடம் இருக்கிறது. எட்டுத் தடவை பார்த்தாகிவிட்டது. தாங்கள் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பிறகு தேவகோட்டைக்கு எழுதினால் போதும்."

படித்துக் காட்டினேன். தலையைக் குனிந்து கேட்டார். கடைசியில், "'நாக்கு செத்துப்போகிறது'ன்னு எழுதாத. 'தித்திப்பு மட்டும் தெரியாது'ன்னு எழுது. உப்பு தெரியும்ல" என்றார். மாற்றினேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. ஒரே வரி. "ஆவணி மூன்றாம் தேதி காலையில் வரவும். இலையும் கொண்டுவரவும்."

போனோம். ஆச்சி வீட்டு இரண்டாம் கட்டு முற்றத்தில் ஒரே ஒரு அடுப்பு மூட்டி, இரண்டு படி அரிசி ஊறவைத்து வேகப்போட்டுத் தயாராக வைத்திருந்தார். ஆச்சியின் வீட்டுக்காரர் செட்டியார் தேனப்பன் ஒரு பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இந்த எலைதானா வீரய்யா? ஆட்டுக்குப் போடுற எலை மாதிரி இருக்கு."

"ஆமாங்க ஆச்சி."

"நீ சொல்றத நான் எப்படி நம்புறது? தித்திப்பு தெரியலைன்னு சொல்லிக்கிட்டுத் தெரிஞ்சே போட்டாலோ?" என்றவர் அவரே இரண்டு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். நான் தடுப்பதற்குள் விழுங்கியும் விட்டார். டப்பாவிலிருந்து சீனியை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடித் திறந்தார். மறுபடி வைத்தார். "அடி ஆத்தே! மண்ணு!" என்று முற்றம் கேட்கக் கத்தினார்.

இவரும் நாலு இலையை மென்றார். தராசைத் தூக்கிக் கட்டினோம். வெந்த கவுனி நாலரை வீசை, இருபது பலம் வந்தது. ஐந்து வீசைக்கு அறுபத்தைந்து பலம் சீனி. நான் எண்ணிச் சொன்னேன், இவர் நிறுத்துப் போட்டார். ஆச்சி ஒவ்வொரு எடைக்கல்லையும் குனிந்து பார்த்தார். நெய் பிரிந்ததும் இவர் இறக்கினார். முழுதும் ஒரு தடவைகூட வாயில் வைக்கவில்லை.

ஆச்சி கிண்ணத்தில் வாங்கி ஒரு வாய் போட்டார். மென்றார். முகம் மாறியது.

"ஒண்ணுமே தெரியலையே!"

"ஆச்சி, நீங்க எலை தின்னிருக்கீங்க" என்றேன்.

"அட, ஆமாடி!" தலையில் தட்டிக்கொண்டார். "தீர்ப்பு சொல்ல வேண்டிய நாக்கையே கொன்னுபுட்டேனே!"

வேறு வழியில்லாமல் செட்டியாரைக் கூப்பிட்டார்கள். அவர் அதிகம் பேசாத மனுஷர் என்று ஊருக்கே தெரியும். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கிண்ணத்தை வாங்கினார். தின்றார். இன்னொரு வாய். ஆச்சியும் என் வீட்டுக்காரரும் தித்திப்பு தெரியாத நாக்கோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். செட்டியார் கிண்ணம் காலியாகிற வரை நிமிரவில்லை.

"போன தடவை மாதிரி இல்லை" என்றார்.

இவர் முகம் செத்துப்போயிற்று.

"அதுக்கு முந்தின தடவை மாதிரி இருக்கு. இன்னுங் கொஞ்சம் போடு."

ஆச்சி ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். நடுநடுவே ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டார். நாக்கு திரும்பியதும் வாயைக் கொப்புளித்துவிட்டு, ஆறிப்போயிருந்த கவுனியில் ஒரு கிண்ணம் முழுக்கத் தின்றார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கார்த்திகை பதினாலு. எண்ணூறு எலை. பெரிய தராசு நம்ம வீட்டுலயே இருக்கு. சிட்டை எழுதிக்க செவந்தி."

கார்த்திகை வரை ஒரு வேளையும் விடாமல் இலை, பத்தியம், காலையில் கோயில் குளத்தைச் சுற்றி ஆறு சுற்று. புண் ஆறித் தோல் மூடிவிட்டது. குழாயில் பச்சைதான் தெரிந்தது. ஒரு வாரம் நீலமாகவே நின்றது. எடை நூற்றெழுபத்திரண்டு. டாக்டர் மரியசெல்வம் ஊசியைப் பற்றிப் பேசவில்லை. "அடுப்படிக்குப் போங்க, ஆனா வாராவாரம் இங்கிட்டும் வாங்க" என்றார்.

சாந்தி அன்று பெரிய தராசின் ஒரு பக்கம் அண்டாவும் மறுபக்கம் எடைக்கல்லும் தொங்க, மலையாண்டி தூக்கி நிறுத்த, என் வீட்டுக்காரர் வாயில் இலையை அடக்கிக்கொண்டு நின்று வேலை வாங்கினார். எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை நான் எண்ணினேன். இனிப்புக்கு ஒரு கோடும் விழவில்லை. பந்தி உட்கார்ந்தது. பரிமாறப் போன வாளி காலியாகத் திரும்பி வந்தது, திரும்பவும் போனது. வைகாசியில் சீனி மூட்டை கிழிந்ததாகச் சொன்ன அதே சம்பந்தி ஆச்சி இலையை மடித்துவிட்டு நேராக அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"யாருய்யா கவுனி போட்டது? நீதானா? இப்படி ஒரு ருசி எப்படிய்யா வந்துச்சு?"

என் வீட்டுக்காரர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"எனக்கு என்னங்க தெரியும்? நான் இன்னும் வாயில வைக்கலை" என்றார். "சரியாத்தான் இருக்கும்."